நாலாம் நம்பர் மேடையில் ஒரு ஓட்டை

குமுதினியின் விரல் நுனிகள் மரத்துப்போனது 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில். குடலில் வந்த புற்றுநோயை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சம் மீதி இருந்தால் அழியட்டும் என்று கீமோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் இரண்டு தடவையும் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் மட்டும் ஊசி குத்துவது போல இருந்தது. ஐந்தாவது தடவைக்குப் பிறகு குத்துவதும் நின்றுபோனது. கோப்பையைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

லண்டனின் தெற்கே மோர்டனில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி அவர்களுடைய வீடு. கணவர் ஞானேஸ்வரன் டைல்ஸ் பதிக்கும் வேலை செய்கிறவர். மகள் லக்‌ஷிகா லெஸ்டரில் படித்துக்கொண்டிருந்தாள். குமுதினி ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்த்து வந்தாள். சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் கிழமையே, தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவருக்குச் சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமல் பதினைந்து நிமிடம் நின்றிருக்கிறாள். கிழவர் கோபிக்கவில்லை. தானே பூட்டிக்கொண்டார். அதன் பிறகு இல்லத்தில் அவளைத் தொலைபேசி எடுக்கும் மேசைக்கு மாற்றினார்கள்.

ஆஸ்பத்திரித் தாதி மறைக்காமல் சொன்னாள். நரம்புகள் கெட்டிருக்கின்றன, ஒரு வருடத்தில் உணர்வு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். எப்படியானாலும் கைகளைச் சும்மா வைத்திருக்கக் கூடாது, நுணுக்கமான வேலை ஏதாவது கொடுங்கள் என்றாள். லக்‌ஷிகா பிசைந்து விளையாடும் பசை உருண்டை ஒன்றை வாங்கி அனுப்பினாள். ஞானேஸ்வரன் மணி கோக்கச் சொன்னார். குமுதினி இரண்டையும் ஒரு மாதம் செய்து பார்த்தாள்.

"மணி கோத்து நான் என்ன செய்யிறது?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டு, ஏணி வைத்துக் கூரைக்கடியில் ஏறினாள். பழைய நீலப் பை ஒன்றோடு இறங்கி வந்தாள். அதற்குள் நோர்வேயில் அவள் வைத்திருந்த ஐஸ் தூண்டில் இருந்தது.

நோர்வேக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றொன்றில் கல்யாணம் முடித்து அங்கே போனவள் அவள். ஒஸ்லோவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், ஏரிக்கரையில் ஒரு சின்ன நகரம். அங்கும் முதியோர் இல்லத்தில்தான் வேலை. சோல்வி என்று கூட வேலை செய்த ஒருத்தி, பெப்ரவரி மாதத்துப் பகலொன்றில் இவளை உறைந்த ஏரிக்கு மேல் நடத்திக்கொண்டு போனாள். துளைபோடும் கருவியால் ஐஸில் ஓட்டை போட்டாள். கருந்தண்ணீர் பொங்கி வந்து ஓட்டையின் விளிம்பில் நின்றது. முழங்கை நீளத் தூண்டிலை இவள் கையில் கொடுத்து, இறக்கு, நிறுத்து, கொஞ்சம் தூக்கு, காத்திரு என்றாள். அன்று மாலைக்குள் குமுதினி ஏழு மீன் பிடித்தாள். பெர்ச் என்ற மீன் அது. பச்சை உடம்பில் கறுப்புக் கோடுகள், சிவந்த செட்டைகள், முதுகில் முட்கள். வீட்டில் மிளகாய்த்தூள் போட்டுப் பொரித்தார்கள்.

அதற்குப் பிறகு பதினான்கு மாரிகள், அதாவது குளிர்காலங்கள், அவள் ஐஸைத் தவறவிடவில்லை. ஞானேஸ்வரன் ஒரே ஒரு தரம் கூடப் போனார். கரையோரத்தில் மெல்லிய இடமொன்றில் முழங்கால் வரைக்கும் கால் உள்ளே போய்விட்டது. அன்றோடு அவருக்கு ஐஸ் என்றாலே ஆகாது.

இரண்டாயிரத்து எட்டில் லண்டன் வந்தார்கள். பிள்ளையின் ஆங்கிலப் படிப்பு, இங்கிருந்த உறவுக்காரர், எல்லாம்தான் காரணம். இங்கே ஏரிகள் மேலே ஆள் நடக்கிற அளவுக்கு உறைவதில்லை. உறைந்தாலும் மேலே கால் வைக்க விடமாட்டார்கள். மிச்சம் என்ற பக்கத்து ஊருக்குப் போகும் பஸ்ஸின் மேல்தட்டிலிருந்து ஒரு நாள், மரங்களுக்கு நடுவில் தண்ணீரும் குடை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆட்களும் தெரிய, அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டாள். செங்கலுக்கு மண் தோண்டிய பழைய பள்ளம் அது. இப்போது ஒரு தூண்டில் சங்கத்தின் குத்தகையில் இருந்தது. அரசாங்க லைசென்ஸ் எடுத்து, சங்கத்தின் காத்திருப்புப் பட்டியலில் ஒன்றரை வருடம் இருந்து உறுப்பினரானாள். பிடிக்கிற மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது சங்கத்தின் முதல் விதி.

"விடுறதுக்கு ஏன் பிடிக்கிறாய்?" என்று ஞானேஸ்வரன் கேட்டார்.

"நீங்கள் கிரிக்கெட் பார்க்கிறியள். அந்தப் பந்தை வீட்டை கொண்டு வாறியளே?" என்றாள் குமுதினி.

நோய் வந்ததும் எல்லாம் நின்றுபோனது. நீலப் பை இறங்கியது 2022 செப்டெம்பரில். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவள் ஒரு முடிவைச் சொன்னாள். மாரி முடிவதற்குள் தன் கையாலேயே தூண்டில் முள் கட்டி, தன் கையாலேயே ஒரு பெர்ச் பிடித்து, தன் கையாலேயே கழற்றி விட வேண்டும். வேறொருவர் கை அதில் படக் கூடாது.

முள் கட்டுவதுதான் முதல் தடை. தங்கூசி என்று நாங்கள் சொல்லும் நைலோன் நரம்பு தலைமயிரை விடக் கொஞ்சம்தான் தடிப்பு. அதை முள்ளின் கண்ணுக்குள் நுழைத்து, ஆறு தரம் சுற்றி, நுனியைத் திரும்ப உள்ளே விட்டு இழுக்க வேண்டும். நுனி விரலிடையில் இருக்கிறதா என்றே அவளுக்குத் தெரியாது. முதலில் சப்பாத்துக் கயிற்றையும் சாவி வளையத்தையும் வைத்துப் பழகினாள். பிறகு பார்சல் நூல். பிறகு தடித்த தங்கூசி. மேசை விளக்கைக் கீழே இழுத்து, பூதக்கண்ணாடி ஒன்றை நிறுத்தி, கண்ணை அதிலிருந்து எடுக்காமல் கட்டினாள். விடுமுறைக்கு வந்த லக்‌ஷிகாவுக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அம்மா, ப்ளீஸ், நான் கட்டித் தாறன். டூ மினிட்ஸ்தான்."

"உனக்கு ரெண்டு நிமிசம். எனக்கு எவ்வளவெண்டு பாப்பம்."

அன்று நாற்பது நிமிடம் எடுத்தது. இழுத்துப் பார்த்தபோது முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அவள் கத்தரிக்கோலால் நுனியை வெட்டிவிட்டு மறுபடி தொடங்கினாள். லக்‌ஷிகா எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒக்டோபர் நடுவில் முடிச்சு இறுகி நின்றது. வாளியில் தண்ணீர் நிரப்பித் தூக்கிப் பார்த்தாள். நரம்பு அறுந்ததே தவிர முடிச்சு விடவில்லை.

அடுத்த தடை அதைவிடப் பெரியது. நீளத் தூண்டிலால் பிடிக்கும்போது, பெர்ச் இரையைத் தொடுவதை நரம்பில் வைத்திருக்கும் விரல்தான் சொல்லும். அவளுடைய விரல் எதையும் சொல்லவில்லை. ஆறு சனிக்கிழமைகள் ஏரிக்கரையில் இருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் மீன் பிடித்தார்கள். அவள் தூண்டிலை எடுக்கும்போதெல்லாம் முள் வெறுமையாக வந்தது. மீன் வந்து மண்புழுவைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை.

ஐஸ் தூண்டிலில் அந்தச் சிக்கல் இல்லை. அதன் நுனியில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று உண்டு. மீன் தொட்டால் அது தலையாட்டும், கண்ணால் பார்க்கலாம். ஆனால் அது நேர் கீழே இறக்குவதற்கான தூண்டில். திறந்த தண்ணீரில் காற்றடித்து அலை நரம்பை அசைத்துக்கொண்டே இருக்க, சுருளும் சும்மா ஆடிக்கொண்டே இருந்தது. எது அலை, எது மீன் என்று பிரிக்க முடியவில்லை. தண்ணீர் அசையாமல் இருக்க வேண்டும். அதற்கு ஐஸ் வேண்டும்.

டிசம்பர் இரண்டாம் கிழமை லண்டனில் குளிர் இறங்கியது. ஞாயிறு இரவு பனி கொட்டி, திங்கள் காலை ரயில்களும் பாடசாலைகளும் தடுமாறின. குமுதினி பஸ் ஏறிப்போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். ஏரி கரையிலிருந்து கரைக்கு வெள்ளையாகக் கிடந்தது. அன்று மத்தியானமே சங்கத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஏரி மூடப்பட்டிருக்கிறது, மறு அறிவித்தல் வரை யாரும் உள்ளே வரக்கூடாது. கீழே செயலாளர் பத்ரிநாராயணன் என்று பெயர் இருந்தது.

பத்ரிநாராயணன் தமிழ்நாட்டுக்காரர். நோர்பரியில் வீடு, வங்கியொன்றில் கணினி வேலை. முட்டைகூடச் சாப்பிடாத சைவர். ஒரு காலத்தில் தூக்கம் வராமல் அவதிப்பட்டு, யாரோ சொல்லி ஏரிக்கரைக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டவர். மீனை விட்டுவிடும் விதி இல்லையென்றால் தான் இந்தச் சங்கத்தில் இருந்தே இருக்க மாட்டேன் என்பார். விதிகளை அவர் எழுத்தெண்ணிப் பின்பற்றுவார்.

குமுதினி செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் கேட்டாள். முடியாது என்றார். வியாழக்கிழமை மறுபடி கேட்டாள். மறுபடியும் முடியாது என்றார். சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவர் அறிவிப்புப் பலகையைப் பார்க்க வருவார் என்று தெரிந்துகொண்டு, ஞானேஸ்வரனின் வேனில் வாசலுக்குப் போய்க் காத்திருந்தாள். வேனுக்குள் டைல்ஸ் பெயர்க்கும் கடப்பாரையான அலவாங்கு, கயிறு, மிதவை அங்கி எல்லாம் இருந்தன.

"அக்கா, நான்தான் சொன்னேனே," என்றார் பத்ரிநாராயணன். "போன வாரத்துலேர்ந்து ஐஸ் உடைஞ்சு பசங்க ஏரியில விழுந்த நியூஸ் டிவியில வருதே, பார்க்கறீங்கல்ல? ஒருத்தர் ஐஸ்ல கால வெச்சாலும் பொறுப்பு நான்தான்."

"நான் ஐஸிலை கால் வைக்கப் போறதில்லை, தம்பி. நாலாம் நம்பர் மேடையிலை இருக்கப் போறன். அது மரமேடை, கரையோட சேர்ந்தது. அதுக்குக் கீழ எத்தினை அடி தண்ணி?"

"பதினாலு."

"அப்ப மீன் அங்கதான் நிக்கும். மேடையிலை இருந்தபடியே ஒரு ஓட்டை இடிப்பன். வாளியளவு ஓட்டை, அவ்வளவுதான்."

"இந்த ஐஸ் எவ்வளவு தடிமன்னு தெரியுமா உங்களுக்கு?"

"ரெண்டு அங்குலமும் வராது. மேல விழுந்த பனி போர்வை மாதிரி மூடினதாலை ஐஸ் தடிக்கேல்லை. ஆள் ஏறினால் உடையும். அதாலைதான் ஏற மாட்டன் எண்டுறன். நான் பதினாலு வருசம் ஐஸுக்கு மேல இருந்தனான். எங்கை ஏறக் கூடாதெண்டு எனக்குத் தெரியும்."

அவர் கேட்டின் பூட்டைப் பார்த்தார். பிறகு அவளுடைய கைகளைப் பார்த்தார். இரண்டு சோடி கையுறை போட்டிருந்தாள். நோயைப் பற்றி அவருக்குத் தெரியும்.

"இந்தக் குளிர்ல உங்க கை... டாக்டர் என்ன சொன்னாங்க?"

"கவனமா இருக்கச் சொன்னவை. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா கையைச் சூட்டுப் பைக்குள்ள வைப்பன். மணி அடிக்கிறதுக்கு போன்ல வைச்சிருக்கிறன். என்ரை விரலுக்குக் குளிரே தெரியாது, அதாலை நான் மணியைத்தான் நம்புறன்."

பத்ரிநாராயணன் சற்றுத் தள்ளிப்போய்ச் சங்கத் தலைவரோடு தொலைபேசியில் பேசினார். இவளுக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து, தான் எழுதிய விதிகளைத் தானே ஒப்புவிப்பது போலச் சொன்னார். நாலாம் நம்பர் மேடை மட்டும். மிதவை அங்கி கழற்றக் கூடாது. இடுப்பில் கட்டிய கயிறு மேடைத் தூணில் இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம். தான் பக்கத்திலேயே இருப்பேன்.

"ஓம்," என்றாள் குமுதினி.

ஞானேஸ்வரன் வேனிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, ஏரிக்கு முதுகு காட்டி வேனைத் திருப்பி நிறுத்தினார்.

அலவாங்கை ஏழெட்டுத் தடவை ஓங்கி இறக்க, ஐஸ் பிளந்தது. உடைந்த துண்டுகளை வலைக்கரண்டியால் அள்ளி எடுத்தாள். கீழே தண்ணீர் கரி போல அசையாமல் நின்றது. மண்புழுத் துண்டை முள்ளில் குத்தி இறக்கினாள். முள்ளோடு கட்டியிருந்த சின்ன ஈயம் அடியில் தட்டியதும் சுருள் நிமிர்ந்தது. ஒரு சாண் தூக்கி நிறுத்தினாள்.

முதல் ஒரு மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் மணி அடித்தது, அவள் கையைப் பைக்குள் விட்டாள், எடுத்தாள். பத்ரிநாராயணன் மடக்கு நாற்காலியில் இருந்துகொண்டு பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். பதினொன்று கழிந்ததும் அவள் இரையைப் பாதி ஆழத்துக்கு உயர்த்தினாள். மீன் எப்போதும் அடியில்தான் நிற்கும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை என்றாள்.

சுருள் ஒரு தடவை தலையாட்டியது. பிறகு கீழே வளைந்தது. அவள் தூண்டிலை உயர்த்தினாள். கொஞ்சம் பிந்திவிட்டது. ஆனாலும் ஏதோ பாரமாகத் தொங்கியது, இரண்டு முறை தலையை உதறியது, நரம்பு ஐஸின் விளிம்பில் உரசி அறுந்தது. தூண்டில் துள்ளி நேரானது.

அவள் அறுந்த நரம்பைச் சுற்றி எடுத்தாள். பத்ரிநாராயணன் எழுந்தே விட்டார்.

"குடுங்க அக்கா, நான் முள் கட்டித் தரேன். இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு. மீன் அங்கேயே நிக்குது."

"நிக்கட்டும்."

"இந்தக் குளிர்ல நீங்க கட்ட ஆரம்பிச்சா நேரம் போயிடும்."

"போகட்டும், தம்பி. நீங்கள் கட்டினால் அது நீங்கள் பிடிச்ச மீன்."

கையுறைகளைக் கழற்றினாள். முள்ளைத் தூண்டில் பெட்டியின் நுரைப் பலகையில் குத்தி நிறுத்தி, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு குனிந்தாள். நரம்பின் நுனி முள்ளின் கண்ணுக்குள் நுழைய ஒன்பது தடவை முயன்றாள் என்று பத்ரிநாராயணன் பிறகு என்னிடம் சொன்னார். அவர் எண்ணிக்கொண்டிருந்தாராம். மூன்றாவது சுற்றில் நரம்பு நழுவியது. மறுபடி முதலிலிருந்து. மணி அடித்தது. முடிச்சைப் பாதியில் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு இரண்டு கைகளையும் சூட்டுப் பைக்குள் விட்டாள். ஒரு நிமிடம் முழுக்க அப்படியே இருந்தாள். பிறகு வெளியே எடுத்து ஆறு சுற்றையும் முடித்து, நுனியை உள்ளே விட்டு, எச்சில் தொட்டு இழுத்தாள். முடிச்சு இறுகியது.

அலவாங்கு நுனியால் ஓட்டையின் விளிம்பை மழுங்கத் தட்டிவிட்டு, புதுப் புழுவோடு இறக்கியபோது பன்னிரண்டாக மூன்று நிமிடம் இருந்தது. பன்னிரண்டு ஆனது. பத்ரிநாராயணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சட்டைக் கையை அதன்மேல் இழுத்து விட்டுக்கொண்டார். விதியை மீறியது அந்த ஒரு தடவைதான் என்று அவர் சொல்வதை நான் நம்புகிறேன்.

பன்னிரண்டு பத்துக்குச் சுருள் வளைந்தது. இந்தத் தடவை அவள் காத்திருக்கவில்லை. தூண்டில் குறுக்கே வளைந்து நின்றது. மீன் மேடைக்கடியில் போகப் பார்த்தது. அவள் மண்டியிட்டுத் தூண்டில் நுனியைத் தண்ணீருக்குள்ளேயே விட்டு, நரம்பு எங்கும் உரசாமல் பிடித்தாள். விரலில் பாரம் தெரியவில்லை. முழங்கையிலும் தோளிலும் தெரிந்தது. அது போதுமாயிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி எடுக்க, கறுப்புக் கோடுகளும் விரிந்த முதுகு முள்ளும் ஓட்டைக்குள் மேலே வந்தன. வலைக்கரண்டியை ஒரு கையால் கீழே கொடுத்துத் தூக்கினாள்.

வேன் பக்கத்தில் கதவு அடித்த சத்தம் கேட்டது. ஞானேஸ்வரன் பனியில் சறுக்கிச் சறுக்கி ஓடி வந்துகொண்டிருந்தார். அவள் மண்டியிட்டதை வேனின் பக்கக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, விழுந்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறார். மேடைப் பலகையில் கால் வைக்கத் தயங்கி, பிறகு வைத்தார்.

கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடித்தாள். முள்ளைக் கழற்றினாள். அதற்கும் நேரம் எடுத்தது, யாரும் அவசரப்படுத்தவில்லை. எடைப் பையில் ஒரு பவுண்டு ஒன்பது அவுன்ஸ் காட்டியது. பத்ரிநாராயணன் படம் எடுத்தார். அப்போதுதான் ஞானேஸ்வரன் அவளுடைய கையைப் பார்த்தார்.

"குமுது, ரத்தம் வருது."

முதுகு முள் இரண்டு விரல்களில் ஏறியிருந்தது. அவளுக்குத் தெரியவே இல்லை. அவள் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு கணம் அவள் முகம் வேறாகிவிட்டது. எந்தக் குத்தும் தெரியாத கை தன்னுடையதுதான் என்று அந்த இடத்தில் அவள் மறுபடி ஒருமுறை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு மீனை ஓட்டைக்குள் இறக்கி, அது வாலை அடித்து இறங்கும் வரை பிடித்திருந்து விட்டாள். விரல்களைக் கைலேஞ்சியால் சுற்றிக்கொண்டாள்.

"இவ்வளவு பாடுபட்டுப் பிடிச்சு விட்டிட்டாய்," என்றார் ஞானேஸ்வரன்.  

"உயிரோட விட்டது என்ரை கை," என்றாள் அவள். "வாங்கோ, பசிக்குது."

அடுத்த இரண்டு நாளில் ஐஸ் கரைந்து ஏரி பழையபடி மண்ணிறமானது. ஜனவரியில் எடுத்த ஸ்கேனில் நோய் திரும்பவில்லை என்றார்கள். விரல்களில் மாற்றம் எதுவும் இல்லை, இனி வராமலும் போகலாம் என்று தாதி சொன்னாள். குமுதினி அன்று பஸ்ஸில் அழுதாள் என்று ஞானேஸ்வரன் சொன்னார். வீட்டுக்கு வந்து புட்டு அவித்தாள், அடுத்த நாள் வேலைக்குப் போனாள். முதியோர் இல்லத்தில் தொலைபேசி மேசையை விட்டுவிட்டு மறுபடி முதியவர்கள் இருக்கும் மாடிக்குப் போக வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்தாள். பொத்தான் பூட்ட நேரம் எடுக்கும், அந்த நேரத்தைத் தாருங்கள் என்று எழுதியிருந்தாள். கோடையில் கிழமைக்கு மூன்று ஷிப்ட் கொடுத்தார்கள்.

மார்ச்சில் தூண்டில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. ஐஸ் நாட்களில் நாலாம் நம்பர் மேடையை எப்படிப் பயன்படுத்துவது என்று பத்ரிநாராயணன் ஒன்பது பிரிவில் விதி எழுதிக்கொண்டு வந்து வாசித்தார். அதை மேற்பார்க்கக் குமுதினியைக் குழுவில் சேர்க்கலாம் என்று முன்மொழிந்தார். நாற்பது ஆண்களும் மூன்று பெண்களும் இருந்த மண்டபத்தில் எல்லாரும் கையை உயர்த்தினார்கள். பேசச் சொன்னார்கள். அவள் எழுந்து, ஏரிக்கரையில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை இல்லை, எட்டு வருடமாகத் தான் பெற்றோல் நிலையம் வரை நடந்து போய் வருவதாகச் சொன்னாள்.

அடுத்த வருடத் திட்டத்தில் சேர்க்கலாம் என்றார் தலைவர்.

"இந்த வருசம்," என்றாள் குமுதினி, உட்காராமல்.

மே மாதம் வாசலுக்குப் பக்கத்தில் பெண்களுக்கான கழிப்பறையாகப் பச்சைக் கொட்டகை ஒன்று வைத்தார்கள். அதன் சாவிகளில் ஒன்று அவளிடம் இருக்கிறது.